இத்தாவில் வளர்த்த ஈக்கள்

என் வீட்டுக்காரர் இறந்த பத்தாம் நாள் பன்னிரண்டு சீசா ஈக்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்ட நேரம் அது. பத்து நாளைக்கு மேல் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? ஈக்கள்தான் உட்கார்ந்திருந்தன. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அந்த நான்கு மாதம் எனக்குத் துணை அவைதான்.

நான் அப்போது மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் உதவியாள். அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. தாராவியில் ஒற்றை அறை, மேலேயும் தகரம், சுவரும் தகரம். வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இருவர், அவருடைய தாயாரான என் மாமி, ஆக மூன்று பேர்.

எஸ்.எஸ்.சி. தேறியவள் என்பதற்காக எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கடல்பாசி காய்ச்சத் தெரிந்தவள் என்பதற்காகக் கிடைத்தது. துறையில் ஈ ஆராய்ச்சி செய்த மேடம், மாட்டுங்காவிலேயே குடியிருந்த தமிழ்ப் பிராமணப் பெண், வேலை கேட்டுப் போன என்னிடம் ஒரு வெள்ளை நார்க்கற்றையை எடுத்து நீட்டினார்.

"அகர்னு பேரு. இதைக் காய்ச்சணும். தெரியுமோ?"

"இது கடல்பாசில்லா மேடம். நோம்புக்கு வீட்ல காச்சுவோம்."

"கட்டி தட்டாம வருமோ?"

"வரும்."

"அப்போ நாளைக்கு வந்துடு" என்றார். நேர்காணல் அவ்வளவுதான்.

நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லமும் கடல்பாசியும் போட்டுக் காய்ச்சி, பால் சீசாக்களில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். ஈஸ்ட் தூவி ஈக்களை உள்ளே விட்டுப் பஞ்சால் அடைக்க வேண்டும். ஈ முட்டையிடும். புழு அந்தச் சோற்றைத் தின்று கொழுத்து, கண்ணாடியில் ஏறி, கூடாகி, ஈயாக வெளியே வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுச் சீசாவுக்கு மாற்றாவிட்டால் அந்த வம்சமே அழிந்துபோகும். வெள்ளைக் கண் ஈ, சுருட்டைச் சிறகு ஈ என்று மேடத்திடம் பல வம்சங்கள் இருந்தன. எங்கள் சந்தில் எனக்கு 'ஈக்குச் சோறாக்குதவ' என்று பெயர். "ஊர்ல எல்லாரும் ஈ ஓட்டுதான். எம் பொண்டாட்டி ஈ வளக்கா" என்று என் வீட்டுக்காரர் டீக்கடையில் பெருமை பேசுவார். கேலிதான், ஆனால் பெருமையும் இருந்தது.

பழம் வாங்குவது மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு வடநாட்டுப் பழக்காரப் பையாவிடம். சாயங்காலம் வீடு திரும்பும்போது வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் லேபுக்குக் கொண்டுபோவேன். கறுத்த பழம் ஒரு டஜன் காலேஜுக்கு. அதன் மேல் நல்ல பழம் இரண்டு வீட்டுக்கு. அந்த இரண்டும் அவருக்கு. சோற்றுக்குப் பின் பழம் தின்னாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தார். வியாழக்கிழமை போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோகும்போது அவர் தலை என் மடியில் இருந்தது. அந்தச் சூடு புடவையைத் தாண்டித் தொடையில் சுட்டது.

"ஒரு நாள் தலவலின்னு படுத்தவனில்லையே! மொதக் காச்சலே கொண்டு போயிட்டே!" என்று வந்த பெண்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். மாமி மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அடக்கவும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். வேளாவேளைக்குப் பசித்தது, சாப்பிட்டேன். படுத்தால் தூக்கம் வந்தது.

"அழுதுருளா. அழுதா லேசாயிரும்" என்று பக்கத்து வீட்டுக்காரி தோளைப் பிடித்து உலுக்கினாள். வெளியே போய், "கல்லு மாதிரியில்லா இருக்கா" என்று அவளே சொன்னதும் என் காதில் விழுந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் சொன்னதும் பொய்யில்லை.

கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. அறையின் ஒரு மூலையில் மாமி திரை கட்டினார். திரைக்குப் பின்னால் ஒரு பாய், வெள்ளைச் சேலையில் நான். இரண்டாம் வாரம் ஊரிலிருந்த என் வாப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. 'நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வருகிறேன். இத்தா முடிந்ததும் உன்னை ஊருக்கு அழைத்து வந்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். பம்பாயில் ஒண்டிப் பெண்ணுக்கு என்ன வேலை' என்று எழுதியிருந்தார். ஊர் என்றால் அண்ணன்மார் வீட்டு அடுப்படி. நான் போனால் இந்த அறை கைவிட்டுப் போகும், மாமி பாண்டுப்பில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். எதுவுமே வேண்டும் என்று தோன்றாத அந்த நாட்களில், ஊருக்குப் போக வேண்டாம் என்பது மட்டும் தோன்றியது. போகாமலிருக்க என்னிடம் இருந்த ஒரே காரணம் அந்த வேலை. இத்தா முடிய ஜூலை நடுப்பகுதி ஆகும். எந்தக் காலேஜ் அதுவரை ஓர் உதவியாளுக்காகக் காத்திருக்கும்?

காத்திருக்க வழி பண்ணியவர் மேடம். பத்தாம் நாள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டித் தாண்டி எங்கள் சந்துக்குள் வந்தார். பின்னால் ஒரு கூலிப் பெண்ணின் தலைக்கூடையில் பன்னிரண்டு சீசா. மேடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

"நீ லேபுக்கு வரப்படாது. சரி, ஈ உன்னாத்துக்கு வரலாமோல்லியோ? இதுல ஒண்ணுகூட அழியாம நீ பார்த்துண்டா, நீ டூட்டிலதான் இருக்கேன்னு நான் ஆபீஸ்ல சொல்லிப்பேன். அழிஞ்சா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். ஒரு தெர்மாமீட்டரும் நோட்டும் மாற்றக் காலிச் சீசாக்களும் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமி சீசாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏளா, இதுல ஆம்பள ஈயும் உண்டுமா?"

"பாதிக்குப் பாதி உண்டு மாமி."

மாமி எழுந்துபோய் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துவந்து சீசாக்கள் எல்லாவற்றையும் மூடினார். மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் மனைவியிடம் போய்க் கேட்டிருக்கிறார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்து, "ஈக்கு எதுக்குளா பர்தா?" என்றாராம். ஆனாலும் மாமி துணியை எடுக்கவில்லை. ஏமாந்துவிடக் கூடாதல்லவா!

அந்தத் துணிதான் பின்னால் உதவியது. ஏப்ரல் பிறந்ததும் தகரம் காயத் தொடங்கியது. லேபில் ஈக்களுக்கு இருபத்தைந்து டிகிரி. எங்கள் வீட்டில் நடுப்பகலில் முப்பத்தாறு. கும்பார்வாடாவில் குயவர்களிடம் ஒரு பெரிய மண்தொட்டி வாங்கிவர மாமியிடம் சொன்னேன். அதில் ஈரச் சாக்கை விரித்து, சீசாக்களை வைத்து, மாமியின் துணியை நனைத்து மேலே போர்த்தினால் இருபத்தெட்டில் நின்றது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் துணி சீக்கிரம் காய்ந்துவிடும். குழாயில் நின்று தண்ணீர் கொண்டுவர மாமிக்கு ஒரு மணி நேரமாகும். அதற்குள் முப்பத்து நாலு வரை ஏறிவிடும். தினமும் அந்த ஒரு மணி நேரம் ஈக்கள் வெந்துகொண்டிருக்கும், நான் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். "மவன் போயிட்டான், ஈக்குத் தண்ணி சுமக்கேன்" என்று மாமி முணுமுணுப்பார். ஆனால் ஒரு நாள்கூடத் தண்ணீர் கொண்டுவராமல் இருந்ததில்லை. ஈச்சோற்றுக்குப் பழமும் அவர்தான் சந்து முனையில் வாங்கிவந்தார், நான் வீட்டிலேயே காய்ச்சினேன்.

நாற்பதாம் நாள் காலையிலேயே மேடம் வந்துவிட்டார். கையில் இரண்டு புதிய சீசா.

"காலேஜ்ல வயரிங் மாத்தறா. கரண்ட் இருக்காது. வெள்ளைக் கண் வம்சத்துல உன்கிட்ட ரெண்டு இருக்கோல்லியோ, அதோட கூடப் பிறந்ததுகள் இதுகள். இத்தனை நாள் ஜில்லுனு பெட்டிக்குள்ள இருந்தது. இதையும் வச்சுக்கோ" என்று கொடுத்தார். அன்றே விடுமுறைக்கு ரயிலேறினார். பதினான்கு சீசாவும் இனி என் பொறுப்பு.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. வாப்பாவும் முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். வந்த பெண்கள் குழந்தைகளோடு தரையெல்லாம் உட்கார்ந்தார்கள். குழந்தைகள் மண்தொட்டியை எட்டி உதைத்துவிடும் என்று பயந்த மாமி, பதினான்கு சீசாவையும் எடுத்து, எட்டாத உயரத்தில் சுவர்ப்பலகையில் வரிசையாக வைத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. நான் திரைக்குப் பின்னால் பெண்கள் நடுவில் இருந்தேன். அந்தத் தகரச் சுவருக்கு வெளியேதான், சந்தில் வேறு இடமில்லாமல், சமைக்க வந்த பண்டாரி நெய்ச்சோற்று தேக்சாப் பானைக்கு அடுப்பு மூட்டியிருந்தார். அது மாமிக்கும் தெரியாது.

ஃபாத்திஹா ஓதி முடித்து, சாப்பிட்டு எல்லோரும் போனபின் நான் எழுந்துவந்து தொட்டியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. பலகையில் கைவைத்தால் சுட்டது. சீசாக்களுக்குப் பக்கத்தில் கிடந்த தெர்மாமீட்டர் நாற்பதைத் தொட்டு நின்றது. ஈக்கள் அடியில் மல்லாந்து கிடந்தன. கண்ணாடியில் ஏறியிருந்த புழுக்கள் வழுக்கி விழுந்து, அசையாமல் கிடந்தன.

மாமி வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றார். வாப்பா எட்டிப்பார்த்தார்.

"போவுது, விடு. ஈதானே? இனி இங்க உனக்கு என்ன இருக்கு? இத்தா முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். இப்ப நான் ஊருக்குத் திரும்ப சனிக்கெழம ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்துருக்கேன், அதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிரு" என்றார்.

நான் சீசாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்கினேன். துணியை நனைத்துப் போர்த்தினேன். வருத்தம் வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று மட்டும் தெரிந்தது. நெய்ச்சோறு மீதி இருந்தது, அதைச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மாமிதான் முதலில் துணியை விலக்கினார். "ஏளா! இங்க வா! எந்திரிச்சிட்டுளா!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பன்னிரண்டு சீசாவிலும் ஈக்கள் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தன. எல்லாம் இல்லை, ஆனால் பாதிக்கு மேல். புழுக்கள் சோற்றைக் குடைந்துகொண்டிருந்தன. மூன்றாம் நாள் மறுபடி கண்ணாடியில் ஏறத் தொடங்கின.

மேடம் கொண்டுவந்த இரண்டு சீசாவில் ஒன்றுகூட அசையவில்லை. இரண்டாம் நாள் அந்தப் புழுக்கள் பழுப்பாகி, மூன்றாம் நாள் கறுத்துவிட்டன. எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரே பலகை, ஒரே சூடு, ஒரே வம்சம். தினமும் வெந்தவை பிழைத்திருந்தன. சொகுசாக இருந்தவை மொத்தமாகச் செத்திருந்தன. நோட்டில் அப்படியே எழுதிவைத்தேன்.

மாமி அந்த இரண்டு சீசாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"குளுமையில இருந்து வந்தது. சூடு கண்டதே இல்ல. மொதச் சூட்டுலயே போயிட்டு" என்றார். பிறகு, "எம்மவனும் ஒரு நாளு காச்சல்னு படுத்ததில்லல்லா?" என்றார்.

விஞ்ஞானம் அப்படிச் சொல்லாது. முன்னே காய்ச்சல் கண்டவன் பிழைப்பான், காணாதவன் போவான் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாமியிடம் நான் அதைச் சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது.

சனிக்கிழமை வாப்பா வந்தபோது மாமி திண்டு மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவளுக்கு இங்க வேல இருக்கு. அவ எங்கூட இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். வாப்பா என்னைப் பார்த்தார். "இருக்கேன் வாப்பா" என்றேன். நான் அழுதிருந்தால் அவர் என்னை விட்டிருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அழாமல் சொன்னதால் விட்டுவிட்டுப் போனார்.

ஜூனில் மேடம் திரும்பிவந்து நோட்டைப் படித்தார். "லேபிளை மாத்தி ஒட்டிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்ல மேடம்."

"ஜில்லுனு இருந்தது செத்து, வெந்தது பிழைச்சிருக்குன்னா யார் நம்புவா?"

"நம்பாண்டாம் மேடம். நீங்களே செஞ்சு பாருங்க" என்றேன். இத்தாவில் இருந்தவளுக்கு எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று தெரியவில்லை. மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் முதலில் ஒப்படைத்த பன்னிரண்டு சீசாவும் உயிரோடு இருந்ததால் என் வேலையும் உயிரோடு இருந்தது.

ஜூலையில் இத்தா முடிந்தது. குளித்து, ஒரு பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு மழையில் நடந்தே மாட்டுங்கா போனேன். மேடம் நிஜமாகவே செய்து பார்த்திருந்தார். ஒரு கூட்டத்தை முதலில் இளஞ்சூட்டில் வைத்துப் பிறகு பெருஞ்சூட்டில் வைத்திருந்தார். இன்னொன்றை நேராகப் பெருஞ்சூட்டில். நான் எழுதியதுதான் நடந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஈப்புழுவின் எச்சில் சுரப்பியிலிருந்து எடுத்த குரோமோசோம். வரி வரியான நாடா மாதிரி இருந்தது. சில இடங்களில் மட்டும் நாடா பஞ்சாக உப்பியிருந்தது.

"சூடு பட்ட புழு இது. வெளிநாட்டுல ஒருத்தர் இதைப் பார்த்து எழுதியிருக்கார். சாதாரணமா எந்தெந்த இடம் உப்பியிருக்குமோ, அதெல்லாம் அடங்கிப்போயிடறது. இந்தச் சில இடம் மட்டும் உப்பிக்கறது. உயிரணு மத்த வேலையெல்லாம் நிறுத்திட்டு, ஏதோ ஒரே ஒரு வேலையைப் பண்றது."

"என்ன வேல மேடம்?"

"தெரியலை."

அது முழுசாகத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. முட்டை வெந்தால் கட்டியாகிறதே, அது புரதம் உருக்குலைவது. சூடு பட்டால் உயிரணுவுக்குள்ளும் புரதங்கள் அப்படிக் கெடத் தொடங்கும். உடனே அணு தன் அன்றாட வேலைகளைப் போட்டுவிட்டு, காப்பதற்கென்றே சில புரதங்களை மும்முரமாகச் செய்கிறது. அவை உருக்குலைந்தவற்றைப் பிடித்து நேராக்கும். முன்பே கொஞ்சம் சூடு பட்ட அணுவில் இவை தயாராக இருக்கும், அதனால் பெருஞ்சூட்டையும் தாங்கிவிடும். எங்கள் தகரக் கூரை அந்த ஏப்ரலில் தினமும் ஒரு மணி நேரம் அந்த ஈக்களுக்குச் செய்தது இதைத்தான்.

அன்று நான் கேட்டது வேறு. "சூடு போன பொறவு?"

"பழையபடி ஆயிடும். ஒரு மணி, ரெண்டு மணில. நிறுத்தின வேலையையெல்லாம் திரும்ப ஆரம்பிச்சுடும்" என்றார் மேடம்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போய்ச் சீசா கழுவினேன். கடல்பாசி காய்ச்சினேன். சாயங்காலம் மழை விட்டிருந்தது. கால்கள் தாமாகவே மார்க்கெட்டுக்குப் போயின. பையா என்னைப் பார்த்ததும், "பஹுத் தின் கே பாத்!" என்றார், இவ்வளவு நாள் எங்கே காணோம் என்கிற மாதிரி. அவருக்கு விஷயம் தெரியாது. கறுத்த பழம் ஒரு டஜனைப் பையில் போட்டார். நான் கேட்காமலே, வழக்கம்போல, நல்ல பழம் இரண்டை எடுத்து மேலே வைத்தார்.

"யே ஆப்கே ஆத்மி கா" என்றார். உங்கள் வீட்டுக்காரருக்கு.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டு நடந்தேன். ரயில் பாலத்தின் படியேறும்போது, இன்று சோறு ஆக்க நேரமாகிவிடுமே, அவர் பசியோடு வருவாரே என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மார்ச்சிலிருந்து வராத அழுகையெல்லாம் அங்கே வந்தது. வலித்தது. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது வலிக்குமே, அப்படி வலித்தது. அவர் செத்துப்போனார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தேன். மாமி மேலே இருந்த இரண்டு நல்ல பழங்களையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். அவற்றை எடுத்து, என் வீட்டுக்காரர் வழக்கமாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு நேரே, பலகையில் வைத்தார்.

நாங்கள் இருவரும் அதைத் தின்னவில்லை. நான்காம் நாள் இரண்டும் நன்றாகக் கறுத்துவிட்டன. காலேஜுக்கு எடுத்துப்போய், மற்றப் பழங்களோடு பிசைந்து, ஈச்சோற்றில் போட்டுக் காய்ச்சினேன்.